படையல் தட்டு

ஜூன் 3, திங்கள்

விடுப்பு அட்டை வாங்க மனிதவள அறைக்குப் போனேன். பீரோ திறந்திருந்தது. இரண்டாம் தட்டில் பழுப்பு உறைகள். மேலிருந்து நாலாவது என்னுடையது. முதுகில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது: மங்கையர்க்கரசி, எம்.எஸ்சி., புள்ளியியல். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மூலச் சான்றிதழ்களும் அதற்குள் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த அன்று கொடுத்தது. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். முடிந்திருப்பது ஒரு வருடம்.

கை நீட்டினால் எட்டும். அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலை மறுபடி படித்தேன். ஆய்வு மாணவியாகச் சேர ஆகஸ்ட் 16 கடைசி நாள். மூலச் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும்.

விடுதியில் சட்னி புளித்திருந்தது. எல்லோரும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

ஜூன் 5, புதன்

சபாபதி சாரிடம் சொல்லிவிட்டேன். தரக்கட்டுப்பாட்டுக்கு அவர்தான் தலைவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“படிக்கணும்னு நினைக்கிற பொண்ண நான் தடுப்பேனாம்மா? என் பெரியவளுக்கு உன் வயசுதான். ஜூலை இருபத்தாறு ஆடிட். ஸ்கூட்டர் கம்பெனிக்காரங்க வர்றாங்க. அது நல்லபடியா முடியட்டும். மறுநாளே நான் போயி பீரோவுலேர்ந்து உன் கவரை எடுத்துத் தர்றேன். மேல நான் பேசிக்கிறேன்.”

“நல்லபடியா முடியலேன்னா சார்?”

“முடியும். நீதானே முடிக்கப் போற.”

ஆடிட்டுக்குப் புதிய சோதனைத் திட்டம் வேண்டுமாம். ஓடும் உற்பத்தியிலிருந்து எத்தனை பிரேக் கம்பி எடுப்பது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது. அதை நான் எழுத வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

அம்மா போனில் கேட்டாள், “நீ அங்க என்னதான் வேலை பாக்குற?” ஒரு வருடமாக இதே கேள்வி. இன்று பொறுமையாகச் சொன்னேன். ஸ்கூட்டரில் முன் பிரேக்கைப் பிடித்தால் உள்ளே ஒரு கம்பி இழுபடும். அதன் நுனியில் துத்தநாகத்தை உருக்கி வார்த்த குண்டு ஒன்று இருக்கும். குண்டு கழன்றால் பிரேக் கிடையாது. கழலுமா என்று பார்க்க நான் அதை மிஷினில் மாட்டி இழுப்பேன்.

“இழுத்தா?”

“அறுந்துடும்.”

“அறுந்தத என்ன பண்ணுவ?”

“குப்பையில போடுவோம்.”

“அப்ப வண்டிக்குப் போறது?”

“இழுக்காதது.”

“இதுக்கா எம்.எஸ்சி. படிச்ச?” என்றாள்.

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. நல்ல கம்பி நூற்றைம்பது கிலோவைத் தாண்டி, துப்பாக்கிபோலச் சத்தம் போட்டு அறும். கெட்டது சத்தமே போடாது. குண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், ஈறிலிருந்து பால்பல் வருவதுபோல.

ஜூன் 8, சனி

மூன்று நாள் கணக்குப் போட்டு எழுதிய திட்டம் இது: நேரம் குறிப்பதில்லை. லைனில் எடுப்பதில்லை, கட்டி முடித்த பெட்டியைப் பிரித்து எடுப்பது. ஒரு ஷிஃப்டில் சில முறை. எப்போது என்பதைக் காலையில் சீட்டுக் குலுக்கி எடுப்பேன்.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். கிட்டத்தில் அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

“சீட்டுக் குலுக்கியா?”

“ஆமா சார். நான் எப்ப வருவேன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது.”

“ஆடிட்டர் கேட்டா, எங்க இன்ஜினியரம்மா சீட்டுக் குலுக்கிப் போடுறாங்கன்னு சொல்லட்டுமா?” சிரித்தார். நானும் சிரித்தேன். “அடிக்கடி பாக்குறோம்னு தெரியணும்மா. அரை மணிக்கு ஒரு தடவை, அஞ்சு கம்பி. சார்ட்டுல பாக்க அழகா இருக்கும். அதிகமா சோதிக்கிறியேன்னு எவன் குறை சொல்லப் போறான்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. நாம அஞ்சு பாக்குறோம்.”

சோறு ஒரே தண்ணீரில் வேகிறது. கிளறியும் விடுகிறோம். அதனால் ஒன்று போதும். கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒருத்தியின் கையில் வேகிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். பீரோ ஞாபகம் வந்தது.

“சரி சார்.”

தயாரித்தவர் என்ற கோட்டுக்கு மேலே என் கையெழுத்து.

ஜூன் 10, திங்கள்

திட்டம் தொடங்கியது.

குண்டு வார்க்கும் இடத்தில் நாகரத்னா. விடுதியில் என் அறைதான். என்னைவிட நாலு வயது மூத்தவள். வாசலுக்கு வெளியே அவள் எனக்கு நாகுக்கா, நான் அவளுக்கு அரசி. வாசலைத் தாண்டியதும் நான் மேடம். எப்போது மாறுகிறோம் என்று கவனித்திருக்கிறேன். தலையில் வலைத்தொப்பி போடும்போது.

வேலை இதுதான். கம்பியின் நுனியில் எண்ணெய் இருக்கும். கழுவு திரவத்தில் முக்கி, மனசுக்குள் பத்து எண்ணி, எடுத்துக் காற்றில் உலர்த்தி, அதன் பிறகு வார்ப்பில் வைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் துத்தநாகம் பிடிக்காது. பிடித்ததுபோலத் தெரியும்.

இனி அரை மணிக்கு ஒருமுறை அவள் மிஷினை நிறுத்த வேண்டும். ஐந்து கம்பியை எடுத்து என் மேசைக்குக் கொண்டுவந்து, நான் இழுத்துப் பார்த்துப் பச்சை அட்டை காட்டும்வரை நிற்க வேண்டும். பிறகு போய்த் தொடங்க வேண்டும்.

உற்பத்தி மேற்பார்வையாளர் ஜெயசீலன் காலையிலேயே வந்து கைகட்டி நின்றார். “அஞ்சு கம்பிய அறுத்துப் போட்டுட்டு அஞ்சாயிரம் கம்பிக்கு ஜாதகம் சொல்றீங்க. எங்க வீட்டு ஜோசியர் பரவால்ல மேடம், ரெண்டு நாள் டைம் கேப்பாரு.”

“இவ்வளவு தடவை நிறுத்தினா அவங்களால பழைய எண்ணிக்கையைத் தொட முடியாது சார். கொஞ்சம் குறைக்கலாமே.”

“ஆடிட்டு உங்களுது. எண்ணிக்கை என்னுது. நான் உங்களுதுல தலையிடுறனா?”

ஜூன் 14, வெள்ளி

இந்த வாரம் இழுத்தது எல்லாம் தாங்கியது. சார்ட்டில் கோடு துணி காயப்போடக் கட்டிய கயிறுபோல நேராக ஓடுகிறது. சார் அதைப் படமெடுத்து மேலே அனுப்பினார்.

ஜூன் 16, ஞாயிறு

மழை. கோட் துவைத்தேன். காயவில்லை.

ஜூன் 19, புதன்

பத்தரைக்கு என் மேசையில் உட்கார்ந்திருக்காமல் நானே லைனுக்குப் போனேன். கடைசி மேசைப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு குரல் கொடுத்தாள். “யக்கோவ், படையல் எடுத்து வெச்சிட்டியா? சாமி கண்ணு முழிக்கிற நேரம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நாகரத்னாவின் வலது பக்கம் ஒரு எவர்சில்வர் தட்டு. அவளுடைய சாப்பாட்டுத் தட்டுதான், விடுதியில் பார்த்திருக்கிறேன். அதில் ஐந்து கம்பிகள், நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, இலையில் பரிமாறியதுபோல.

“என்ன படையல்?”

“ஒண்ணுமில்ல மேடம். சும்மா பேசிக்கிவாங்க. ஆடி வரப்போவுதில்ல.”

இரண்டு கையாலும் தட்டை ஏந்திக் கொடுத்தாள். கற்பூரம்தான் குறை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்தும் சத்தம் போட்டு அறுந்தன.

மதியத்திலிருந்து நான் எழுந்து போகவில்லை. தட்டு என் மேசைக்கே வருகிறது. முழங்காலுக்கு நல்லது.

ஜூன் 23, ஞாயிறு

நாகுக்கா பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறாள். மலைக்கோயிலுக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். குளிர் காற்று. மேலே நின்று பார்த்தால் ஓசூர் முழுக்கத் தகரக் கூரைகள். எங்கள் கூரை எது என்று இரண்டு பேரும் தேடினோம். அவள் ஒன்றைக் காட்டினாள், நான் வேறொன்றை.

இறங்கும்போது வண்டி வேகமாகப் போனது. முன்னால் ஒரு வேன் நின்றது. நாகுக்கா இடது கையால் பின் பிரேக்கை மட்டும் பிடித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து, வேனுக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்தினாள்.

“முன் பிரேக்கும் பிடிக்கலாமில்ல?”

“பழக்கமில்ல அரசி.” சிரித்தாள்.

வலது கையைப் பார்த்தேன். பிரேக்கின் மேல் ஒரு விரல்கூட இல்லை. நாலு விரலும் கைப்பிடியைச் சுற்றி மடங்கியிருந்தன.

கீழே வந்து மசால் பூரி வாங்கிக் கொடுத்தாள்.

ஜூன் 24, திங்கள்

ஷிஃப்ட் விடும் நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் குடையோடு நின்றேன். வேன் வரத் தாமதம். வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. எல்லோரும் அங்கே பிரேக் பிடித்துத்தான் ஆக வேண்டும். அலுவலகத்தார் இரண்டு கையாலும் பிடித்தார்கள். வண்டிக் கண்ணாடி பூட்டும் லைன்காரர்களும் அப்படியே. எங்கள் லைன் பெண்கள் இடது கை மட்டும். ஒருத்திகூட விலக்கில்லை.

வேன் வந்துவிட்டது. ஜன்னலோர இடம் கிடைத்தது.

ஜூலை 2, செவ்வாய்

பத்தே முக்கால். படையலுக்கு இன்னும் கால் மணி நேரம். குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவள் சுற்றிக்கொண்டு லைன் பக்கமாக வந்தேன்.

கழுவு தொட்டியின் மூடி போட்டிருந்தது. மூடியின் மேல் நாகரத்னாவின் கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. அவள் கம்பியை எடுத்து நேராக வார்ப்பில் வைத்தாள். அடுத்ததையும் அப்படியே. அதற்கடுத்ததையும். கை ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை வேகமான கையை நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. திறந்து நடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“இது எப்பத்திலிருந்து?” மெதுவாகத்தான் கேட்டேன்.

“முன்னாடியெல்லாம் ஒவ்வொண்ணையும் முக்கித்தான் எடுத்தன் மேடம். அரை மணிக்கு ஒருக்கா நிறுத்தச் சொன்னீங்க. நிறுத்தறன். வந்து நிக்கறன். நீங்க அறுக்கற வரைக்கும் பாத்துக்கினு இருக்கறன். அந்த நேரத்த எங்க போயி எடுக்கறது? இதுலதான் எடுக்க முடியும்.” மூடியைத் தட்டிக் காட்டினாள். “உங்களுக்குக் குடுக்கறதெல்லாம் சுத்தமா முக்கி எடுத்ததுதான். அதுல ஏமாத்தலை.”

கடைசி வாக்கியத்தை உண்மையாகவே, கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னாள்.

பதினொரு மணிக்குத் தட்டு வந்தது. இழுத்தேன். ஐந்தும் தாங்கின. பச்சை அட்டை.

ஜூலை 3, புதன்

கழுவாமல் வார்க்கத் தொடங்கியது ஜூன் இரண்டாம் வாரமாம். கடைசி மேசைப் பெண் சொன்னாள்.

என் திட்டம் தொடங்கியதும் அந்த வாரம்தான்.

ஜூலை 4, வியாழன்

சாரிடம் போனேன். சோதனையைக் குறைக்கலாம் என்றேன். அரை மணிக்குப் பதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்துக்குப் பதில் இரண்டு, பெட்டியிலிருந்து. குறைத்தால் தரம் கூடும் என்பதை நிரூபிக்க ஒரு தாளில் கணக்கும் போட்டுக்கொண்டு போனேன்.

“ஆடிட்டுக்கு மூணு வாரம் இருக்கையில சோதனையைக் குறைக்கவா? ஏம்மா?”

“நிறுத்தற நேரம் அதிகமாகுது சார். அவங்க அவசரப்படுறாங்க.”

அவர் தாளை வாங்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். எழுந்து போய்ச் சாத்தினார்.

“ஏதாவது பாத்தியா?”

நான் பதில் சொல்வதற்குள் கையைக் காட்டினார். “யோசிச்சுச் சொல்லு. பாத்தேன்னு நீ சொன்னா நான் லைனை நிறுத்தணும். ஒரு மாசத்துச் சரக்கு கிடங்குல நிக்குது, அத மொத்தமும் பிரிக்கணும். போனதத் திருப்பி வாங்கணும். நிறுத்துவேன், மூடி மறைக்கிற ஆளு இல்ல நான். ஆனா ஆடிட் அக்டோபருக்குப் போயிடும். ஒனக்கு ஆகஸ்ட் பதினாறுதானே?”

ஜன்னலுக்கு வெளியே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணும் பாக்கல சார்.”

“டீ குடிச்சியா?” என்றார். குடிக்கவில்லை. வரவழைத்துக் கொடுத்தார்.

ஜூலை 9, செவ்வாய்

விடுதியில் தண்ணீர் வரவில்லை. ஆளுக்கு ஒரு வாளி. தலை குளிக்கவில்லை.

இந்த நோட்டைப் புரட்டினேன். எழுதாத நாட்களே அதிகம். அன்றெல்லாம் என்ன நடந்தது என்று இதைப் படிப்பவர் யாருக்கும் தெரியாது. எந்த நாட்களை எடுத்து வைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பேருந்து நிலையத்தருகே டீக்கடை. நாகுக்காவும் நானும். அவளுக்குச் சுக்குக் காபி. நான்தான் பேச்சை எடுத்தேன்.

“நாகுக்கா, அந்தத் தொட்டி மூடியைத் திறந்து வச்சா என்ன?”

“தொறக்கறன். நீ அந்த அரை மணியை ஒரு மணியா மாத்து.”

“என் கையில இல்ல.”

“கையெழுத்து உன்னுதுதான. செவுத்துல ஒட்டி வெச்சிக்கிதே.”

“சார் ஒத்துக்கல.”

“எனுக்கும் அப்படித்தான். நான் முக்கி முக்கி எடுத்தன்னா சாயங்காலம் எண்ணிக்கை வராது. ரெண்டு நாளு வரலைன்னா ஜெயசீலன் மூணாம் நாளு வேற ஒருத்திய கூட்டியாந்து என் ஸ்டூல்ல உக்கார வெப்பான். வாசல்ல நிக்கறாளுங்க இல்ல, தெனம் பாக்கற நீயும்.” காபியை ஆற்றினாள். “யாராவது ஒருத்தர் போயி சொல்லணும். நான் சொன்னா என் வேலை போவும். நீ சொன்னா உன் வேலை போவாது.”

“என் சான்றிதழ்…”

“தெரியும். ராவுல அந்த மெயிலைத் தெறந்து தெறந்து பாக்கறியே, எதிர்க் கட்டில்ல நான் தூங்கறன்னு நெனைச்சியா?”

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, தம்ளர்களை அவளே பலகையில் வைத்தாள்.

“போலாங்களா மேடம்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. தலையில் தொப்பி இல்லை.

ஜூலை 18, வியாழன்

எல்லாம் தாங்கின.

ஜூலை 22, திங்கள்

எல்லாம் தாங்கின. ஆடிட்டுக்காகத் தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிக்கிறார்கள். செருப்பில் ஒட்டிக்கொண்டது.

ஜூலை 25, வியாழன்

நாளை ஆடிட்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் போனேன். கேட்க யாரும் இல்லை. பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் என் துறையின் பச்சை முத்திரை. கைக்கு எட்டிய பெட்டி ஒன்றின் ஒட்டுநாடாவைப் பிரித்து ஒரு கம்பியை எடுத்தேன். கோட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வந்து மிஷினில் மாட்டினேன்.

எண் ஏறியது. நூறு. நூற்றிருபது. வழுக்கி வந்துவிட்டால் நேராக சாரின் அறைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன். இது உண்மை. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். நூற்று நாற்பது. நூற்றைம்பது. நூற்றெழுபதில் சத்தம் போட்டு அறுந்தது.

அறுந்ததைக் குப்பையில் போட்டேன். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பாதி இருந்தது. கிடங்குக்குத் திரும்பிப் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டேன். விரலில் கம்பிகள் தட்டுப்பட்டன, குளிர்ச்சியாக, ஒன்றுபோல.

பத்தில் ஒன்று பழுது என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு கம்பியை எடுத்துப் பார்ப்பவளுக்குப் பத்தில் ஒன்பது தடவை நல்ல செய்திதான் வரும். முதலாம் ஆண்டு, முதல் பருவம். தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

கையை வெளியே எடுத்தேன். நாடாவை மறுபடி ஒட்டினேன்.

எடுத்தது ஒன்று. தாங்கியது.

கேன்டீனில் தயிர்சாதம் மிச்சம் இருந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

ஆடிட்டர் களைத்த மனிதர். சர்க்கரை இல்லாத டீ கேட்டார். சுவரில் இருந்த திட்டத்தைப் படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். “அரை மணிக்கு ஒரு தடவையா? பெரிய விஷயம். யாரு போட்டது?”

சார் என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். “எங்க அரசிதான் சார். புள்ளியியல் படிச்ச பொண்ணு.”

“ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா. எங்கேர்ந்து வேணாலும் எடுங்க.”

எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் அப்படித்தான் சொன்னார். இடது பக்கம் தள்ளுவண்டியில் கட்டி முடித்த பெட்டிகள் நின்றன. வலது பக்கம் நாகரத்னா, கையில் தட்டு. நெற்றியில் விபூதி. ஆடி வெள்ளி. தொட்டியின் மூடி திறந்திருந்தது. திரவம் விளிம்புவரை, புதிதாக ஊற்றியது, விளக்கு வெளிச்சம் அதில் ஆடிக்கொண்டிருந்தது.

ஜெயசீலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகரத்னா பெட்டிகளைப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. அங்கே போகாதே என்றும் இருக்கலாம். போ என்றும் இருக்கலாம்.

நான் தட்டைக் கை நீட்டி வாங்கினேன்.

ஐந்து சத்தம். ஆடிட்டர் கடைசிச் சத்தத்துக்கு மட்டும் கண் சிமிட்டினார். “அருமை,” என்றார். “இந்தத் திட்டத்தோட ஒரு காப்பி எனக்கு வேணும். எங்களுக்குக் கம்பி குடுக்கற மத்த கம்பெனிங்களுக்கும் இதையே சொல்லலாம்னு பாக்குறேன்.”

சார் காப்பி எடுக்க ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

ஜூலை 27, சனி

சொன்னபடியே மறுநாள். சார் பீரோவைத் திறந்து உறையை எடுத்து, தூசியை ஊதிவிட்டுக் கொடுத்தார். “சரிபாத்துக்கோம்மா. எல்லாம் இருக்கா?” எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

மைசூர்பாகு கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நாகுக்கா ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டாள். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு. வழியில் இரண்டு இடத்தில் காலைத் தேய்த்து நிறுத்தினாள்.

அம்மா இருக்கும் சீர்காழிக்கு நேர்ப் பேருந்து இல்லை; சேலத்தில் மாற வேண்டும். அவளே விசாரித்து வந்து சொன்னாள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். பேருந்து நகரும்போது ஜன்னலருகே வந்தாள்.

“என் இடத்துக்கு வேற யாராவது வந்தா…” என்று தொடங்கினேன்.

“வருவாங்க,” என்றாள். “நல்லா படிங்க மேடம்.”

ஆகஸ்ட் 16, வெள்ளி

சேர்ந்துவிட்டேன். எழுத்தர் ஒவ்வொரு சான்றிதழையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் பழுதில்லை.

ஆய்வுத் தலைப்பு: உற்பத்தியினூடே மாதிரி எடுத்தல். நெறியாளருக்குப் பிடித்திருக்கிறது. களத்தில் வேலை பார்த்தவள் என்று மற்றவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சபாபதி சாரிடமிருந்து செய்தி. இன்னும் மூன்று கம்பெனிகளில் என் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதாம். தயாரித்தவர் பெயரை மாற்றவில்லையாம். “உனக்குப் பெருமைதானேம்மா.”

கும்பிடும் கைகளை அனுப்பினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அறைத்தோழி ஷெரின் தன் ஸ்கூட்டரை ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். நூலகத்துக்குப் பின்னால் ஓர் இறக்கம் இருக்கிறது. காலையில் தூறியிருந்தது. கீழே போகும்போது நாய் ஒன்று குறுக்கே வந்தது. இடது கையால் பிடித்தேன். வண்டி பின்பக்கம் வழுக்கியது. காலை ஊன்றிவிட்டேன். செருப்பு அறுந்துபோனது.

“வலது கைக்கு என்ன ஆச்சு?” என்றாள் ஷெரின். “முன் பிரேக்கையும் சேத்துப் பிடிப்பா.”

“பழக்கமில்ல.”

“பயப்படாமப் பிடி. போன வாரம்தான் கம்பி மாத்தினேன். கம்பெனி கம்பி. லோக்கல் எல்லாம் நான் போடவே மாட்டேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நீயே ஓட்டு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கடைத்தெரு வரை போனோம். செருப்புத் தைக்கக் கொடுத்துவிட்டு, கரும்புச்சாறு குடித்து, திரும்பினோம். ஷெரின் நல்ல ஓட்டுநர். ஒவ்வொரு இறக்கத்திலும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். அவள் தோளுக்கு மேலாக அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு தடவையும் வாய்வரை கொண்டுவந்தேன்.

போய் வந்ததில் நான்கு முறை முன் பிரேக் பிடித்தாள். நான்கும் தாங்கின.